சென்னைக் கவர்னர் எலிஹு யேல்

அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலை என்று ஒன்று இருப்பதை நம் பிள்ளைகளில் பலர் அறிவார்கள். அந்தப் பெயர் சில காலம் நமக்கு மிக அருகிலும் விளங்கி வந்தது. ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்குள்ள தேசிய சர்வகலாசாலையும் யேலும் சேர்ந்து 2011-ல் ஒரு கல்லூரியை ஏற்படுத்தின. 2013-ல் மாணவர்கள் சேர்ந்தார்கள். 2025-ல் அது மூடப்பட்டது. அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால், பழைய காலத்தில் சென்னைப் பட்டணத்தில் கவர்னராயிருந்த ஒரு துரை என்று விஷயம் அறிந்தவர்கள் சொல்வார்கள். தமிழ்நாட்டுப் பணத்தில் அமெரிக்காவின் மாபெரும் கல்விச்சாலை எழுந்தது என்று மேடைகளில் பெருமையாகப் பேசுவதையும் நாம் கேட்டிருக்கிறோம். நம் சங்கத்தின் கல்வி நிதிப் பரிசளிப்பு நெருங்கும் இந்தச் சமயத்தில் அதே பேச்சு மறுபடியும் கிளம்பியிருப்பதால், அந்த மனிதருடைய வரலாற்றை எழுதுவது உபயோகமாயிருக்கும் என்று கருதினோம். பெருமைப்படுகிறவர்கள் பேரேட்டில் வரவுப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள் என்பது நம் அபிப்பிராயம்.

எலிஹு யேல் 1649-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிறந்தார். இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாடுதான் அவருடைய பூர்வீகம். அவருடைய பாட்டியார் இரண்டாந்தாரமாக மணந்தவர் நியூ ஹேவன் குடியேற்றத்தின் முதல் கவர்னர். ஆகவே, வியாபாரமும் அதிகாரமும் பிறந்த வீட்டிலேயே இருந்தன. பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. அதன்பின் யேல் தம் ஆயுள் முழுவதும் அமெரிக்காவை மிதிக்கவே இல்லை. அவர் பெயரைத் தாங்கி நிற்கும் கல்லூரியை அவர் கண்ணால் கண்டதில்லை.

லண்டனில் படித்து முடித்தபின் கிழக்கிந்தியக் கும்பினியில் எழுத்தர் உத்தியோகம் பெற்று, 1672-ஆம் ஆண்டில் சென்னைப் பட்டணம் வந்து இறங்கினார். சம்பளம் வருஷத்துக்கு 10 பவுன். மாதத்துக்கு அல்ல, வருஷத்துக்கு! கடை நடத்துகிறவர்களாகிய நமக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி எழாமல் போகாது. பத்துப் பவுன் சம்பளக்காரர் இருபத்தேழு ஆண்டுகள் கழித்து லண்டனுக்குத் திரும்பியபோது, அந்நகரத்துப் பெரும் பணக்காரர்களில் ஒருவராகத் திரும்பினார். நடுவில் என்ன நடந்தது?

அந்தக் காலத்தில் கும்பினி தன் உத்தியோகஸ்தர்களுக்குச் சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்து, சொந்த வியாபாரத்துக்கு அனுமதி கொடுத்திருந்தது. ஆசியாவுக்குள் துறைமுகத்துக்குத் துறைமுகம் சரக்கு ஏற்றலாம். கோல்கொண்டா வைரத்தை வாங்கி ஊருக்கு அனுப்பலாம். யேல் வைரத்தில் கெட்டிக்காரர் ஆனார். 1680-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி, ஜார்ஜ் கோட்டைக்குள் புதிதாய்க் கட்டி ஒரு வாரமே ஆகியிருந்த செயிண்ட் மேரி மாதா கோவிலில், ஒரு கும்பினி அதிகாரியின் விதவையை அவர் மணந்து கொண்டார். அந்தக் கோவிலின் பதிவுப் புத்தகத்தில் முதல் கல்யாணம் அதுதான். முதல் கணவர் விட்டுப்போன சொத்தும் கூடவே வந்தது. மறு ஆண்டு கும்பினி அவரைச் செஞ்சிக்கு அனுப்பி, மராட்டியரோடு பேச்சு நடத்தச் சொன்னது. நம்மவர்களின் பழைய துறைமுகமாகிய பரங்கிப்பேட்டைப் பக்கமும் கடலூர்ப் பக்கமும் வியாபாரத்துக்கு இடம் பிடிப்பதே அந்தத் தூதின் நோக்கம். 1684-ல் சில மாதங்கள் தற்காலிகக் கவர்னராக இருந்தார். 1687 ஜூலையில் கவர்னர் பதவியே கைக்கு வந்தது.

கும்பினி சென்னையில் எதை வாங்கியது என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. துணி! சோழமண்டலக் கரை நெடுகத் தறிகள் ஓடிக் கொண்டிருந்தன. நெசவாளருக்கு முன்பணம் கொடுத்து, அந்தக் கடனில் அவரைக் கட்டி வைத்து, நீளத் துணியும் சாயத் துணியும் மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றினார்கள். அதில் ஒரு பகுதியை வெள்ளைக்காரர்கள் உடுத்தினார்கள். இன்னொரு பகுதி லண்டனில் கைமாறி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போயிற்று. அங்கே அது மனிதர்களுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது. கினித் துணி என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. இங்கிலாந்து ராஜாவின் சாசனம் பெற்ற ராயல் ஆப்பிரிக்கக் கும்பினி என்ற அடிமை வியாபாரச் சங்கம் நிறுவப்பட்டதும் 1672-ல்தான். யேல் சென்னையில் கால் வைத்த அதே வருஷம். ஆப்பிரிக்காவில் நாணயமாகச் செல்லுபடியான சோழியோ மாலத்தீவிலிருந்து போனது. இந்தியத் துணியும் மாலத்தீவுச் சோழியும் போய் ஆப்பிரிக்க மனிதனாக மாறின. அந்த மனிதன் மேற்கிந்தியத் தீவுகளில் சர்க்கரையாக மாறினான். சர்க்கரை லண்டனில் பவுனாக மாறிற்று. அந்தப் பவுனில் ஒரு பங்கு மறுபடியும் துணி வாங்கக் கிழக்கே கப்பலேறிற்று. நம் காஞ்சிபுரத்து நெசவாளியும் கினிக் கரையின் அடிமையும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனால் இருவர் பெயரும் ஒரே பேரேட்டில் இருந்தன.

துணி மட்டுமல்ல, நம் கரையிலிருந்து மனிதர்களும் கப்பலேறினார்கள். இதை யேல் தொடங்கி வைக்கவில்லை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த டச்சுக்காரர்கள் அதற்கு வெகு காலம் முன்னரே அந்த வியாபாரத்தில் இறங்கியிருந்தார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமை பீஜப்பூர்ப் படையெடுப்பால் பாழாகி மக்கள் பட்டினி கிடந்தபோது, 8,000 முதல் 10,000 பேர் வரை டச்சுக்காரர் விலைக்கு வாங்கினர். பெரும்பாலோர் இலங்கைக்கும், சிறு பகுதியினர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் போனார்கள். மலாக்கா என்றால் நாம் இங்கிருந்து காலையில் புறப்பட்டு லுஹருக்குள் போய்ச் சேரும் ஊர்தான். மலாயாவுக்குத் தமிழன் ரப்பரோடு வந்தான் என்று நாம் சொல்லி வருகிறோம். வியாபாரியாக அதற்கு முன்பே வந்தான் என்பதும் நமக்குத் தெரியும். விற்கப்பட்டும் வந்தான் என்பதை யாரும் சொல்வதில்லை.

நம்மவர்களை மட்டும் இதில் சுத்தமானவர்கள் என்று எழுதினால் அது பொய் சாட்சியாகும். சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வியாபாரிகளுடைய மரக்கலங்களிலும் பஞ்ச காலங்களில் அடிமைகள் அச்சேக்குப் போனதுண்டு. தஞ்சையைப் பாழாக்கிய பீஜப்பூர்ப் படையும் ஒரு முஸ்லிம் சுல்தானின் படையே. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் அடிமைத் தளையிலிருந்து விடுவிக்கப்பட வேண்டியவரும் ஒரு வகை என்று மதரஸாவில் முதல் வகுப்பிலேயே நாம் ஓதியிருக்கிறோம். ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களின் சரித்திரம் தெரியாத முஸ்லிம் பிள்ளை இல்லை. அப்படியிருந்தும் மனிதச் சரக்கு ஏற்றினவர்கள் நம்மிலும் இருந்தார்கள்.

இப்போது 1687-க்கு வருவோம். சென்னையைச் சுற்றிலும் கொடிய பஞ்சம். ஒருபுறம் ஔரங்கசீப் பாதுஷாவின் சேனை கோல்கொண்டாவை முற்றுகையிட்டிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கோட்டை விழுந்தது. விளைச்சல் இல்லை, வேலை இல்லை. பெற்றவர்கள் பிள்ளைகளை விற்றார்கள். பெரியவர்கள் சோற்றுக்காகத் தங்களையே விற்றார்கள். பஞ்சத்தில் அரிசி விலை ஏறும், மனிதன் விலை இறங்கும். வியாபாரிகள் இதைக் கண்டு கொண்டார்கள். கோட்டையில் இருந்த கவர்னரும் சபையாரும் செய்தது என்ன? கப்பலேற்றப்படும் அடிமை ஒருவருக்கு ஒரு வராகன் சுங்கம் என்று விதித்தார்கள். அந்த வருஷத்தில் ஒரே ஒரு மாதத்தில் குறைந்தது 665 பேர் சென்னைத் துறையிலிருந்து ஏற்றுமதியானதாகக் கணக்கு இருக்கிறது. ஐரோப்பாவுக்குத் திரும்பும் ஒவ்வொரு கப்பலிலும் பத்து அடிமைகளுக்குக் குறையாமல் செயிண்ட் ஹெலீனாத் தீவுக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானித்த கூட்டத்திலும் யேல் அமர்ந்திருந்தார். பிற்காலத்தில் நெப்போலியனைச் சிறை வைத்தார்களே, அந்தத் தீவுதான் இது. நீதிபதி ஸ்தானத்திலிருந்து விசாரிக்கையில், குற்றவாளி என்று கண்ட சுதேசிகளுக்குச் சவுக்கடியும் அடிமைத்தனமும் தண்டனையாக விதித்திருக்கிறார்.

யேல் தம் சொந்தக் கணக்கில் அடிமை வாங்கி விற்றார் என்பதற்குப் பத்திரம் எதுவும் கிடைக்கவில்லை. அவருக்காகப் பேசுகிறவர்கள் இதை எடுத்துக் காட்டுகிறார்கள். சென்னையில் அடிமை ஏற்றுமதி தடை செய்யப்பட்டதும் அவருடைய ஆட்சியில்தான் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் மெய்யே. ஆனால் 1688-ல் வந்த அந்தத் தடைக்குக் காரணம் என்ன என்று பார்க்க வேண்டும். கோல்கொண்டா விழுந்ததும் சென்னையைச் சூழ்ந்த நாடெல்லாம் மொகலாயர் வசமாகிவிட்டது. குடிகளைப் பிடித்துக் கப்பலேற்றுவதை மொகலாய அதிகாரிகள் விரும்பவில்லை. அவர்களைப் பகைத்துக் கொண்டால் துணி வியாபாரம் படுத்துவிடும். ஆகவே கோட்டையார் தடை போட்டார்கள். பெரிய லாபத்தைக் காப்பாற்றச் சிறிய லாபத்தை விட்டார்கள். இதில் இரக்கத்தைத் தேடுகிறவர்கள் வீணாகத் தேடுகிறார்கள். சொந்தக் கணக்கில் இல்லை என்ற வாதமும் நமக்குத் திருப்தி தரவில்லை. கல்லாப் பெட்டியில் உட்கார்ந்து சுங்கம் வாங்குகிறவர், சரக்கு என்னுடையதல்ல என்று சொன்னால் யார் ஒப்புக் கொள்வார்கள்?

அவருடைய மற்றக் காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். 1688-ல் சென்னைக்கு நகரசபை ஏற்பட்டது. 1690-ல் கடலூருக்கு அருகில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து கும்பினிக்காக விலைக்கு வாங்கினார். செயிண்ட் டேவிட் கோட்டை என்று அதற்குப் பெயரிட்டார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழும் தூரம் வரையுள்ள கிராமங்கள் எல்லாம் கும்பினிக்குச் சேரும் என்பது உடன்படிக்கை. நல்ல பீரங்கியாகத் தேடிக் கொண்டு வந்து சுட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டுமா? அந்தக் கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. இதற்கிடையில் 1688-ல் அவருடைய ஒரே ஆண் குழந்தை டேவிட் நான்கு வயதில் இறந்து போயிற்று. அதன் சமாதி சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், சட்டக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. 2023-ல் அதை வேறிடத்துக்கு மாற்றும்படி அந்த நீதிமன்றமே உத்தரவிட்டதும் பத்திரிகைகளில் வந்தது.

கவர்னர் பதவி நிலைக்கவில்லை. கும்பினிப் பணத்தில் சொந்த வியாபாரம் செய்தார், சபையாரோடு சண்டையிட்டார் என்று குற்றச்சாட்டுகள் குவிந்து, 1692-ல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். விசாரணை இழுபறியாக நடந்து, 1699-ல்தான் சென்னையை விட்டுப் போனார். கும்பினி அவர்மேல் கோபங்கொண்டது அடிமைகளுக்காக அல்ல. தன் லாபத்தில் அவர் கை வைத்தார் என்பதற்காக. இந்த வித்தியாசத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

லண்டனில் பெரிய மாளிகை. வைர வியாபாரம் தொடர்ந்தது. வீடு நிறையப் படங்களும் நகைகளும் மேசை நாற்காலிகளும் சேர்ந்து, அவர் இறந்தபின் அவற்றைப் பல ஏலங்கள் போட்டு விற்க வேண்டியிருந்தது. இந்தச் சமயத்தில் அமெரிக்காவில் கனெக்டிகட் என்னும் குடியேற்றத்தில் 1701-ல் தொடங்கிய ஒரு சிறு பள்ளி, கட்டடம் முடிக்கப் பணமில்லாமல் தவித்துக் கொண்டிருந்தது. பணக்காரர், ஆண் வாரிசு இல்லாதவர், அந்த நாட்டில் பிறந்தவர். கேட்டுப் பார்க்கலாம் என்று அதன் ஆட்கள் அவரை நெருங்கினார்கள். பள்ளிக்கு அவர் பெயரையே வைத்தால் பிள்ளையை விட நிலையான ஞாபகமாக இருக்கும் என்றும் ஆசை காட்டினார்கள். 1718-ல் அவர் கொடுத்தது 417 புத்தகங்கள், ஜார்ஜ் ராஜாவின் ஒரு படம், ஒன்பது மூட்டைச் சரக்கு. அந்த மூட்டைகளில் இருந்தவற்றில் முக்கியமானது நம் இந்தியத் துணி. விற்றதில் 562 பவுன் 12 ஷில்லிங் கிடைத்தது. அவருடைய சொத்துக்கு அது ஒரு துளி. அந்தத் துளிக்குத்தான் முந்நூறு ஆண்டுகளாக அவர் பெயர் நிற்கிறது! இன்னும் 500 பவுன் கொடுப்பதாக உயில் எழுதத் தொடங்கி, உயில் செல்லுபடியாகாமல் போனதால் அந்தப் பணம் கல்லூரிக்குப் போய்ச் சேரவே இல்லை. 1721 ஜூலை 8-ஆம் தேதி லண்டனில் இறந்தார். வேல்ஸ் நாட்டு ரெக்ஸம் ஊரில் அடக்கம் செய்தார்கள்.

யேல் குடும்பத்தாரோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய வர்ணப்படம் அந்தச் சர்வகலாசாலையின் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் ஓரமாக ஒரு கறுப்புச் சிறுவன் நின்று உபசாரம் செய்கிறான். அவன் கழுத்தில் உலோகப் பட்டை. மாணவர்களும் ஆசிரியர்களும் கேள்வி எழுப்பியதால் 2020-ல் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, ஆராய்ந்து, 2022-ல் விளக்கத்தோடு திரும்ப மாட்டினார்கள். சிறுவனுக்குப் பத்து வயது இருக்கலாம் என்று கண்டார்கள். பெயர் கிடைக்கவில்லை. பிறகு சர்வகலாசாலையே தன் பழைய கணக்குகளைத் தோண்டச் சொல்லி ஒரு சரித்திரப் பேராசிரியர் தலைமையில் புத்தகம் எழுதச் செய்தது. இன்று அங்கே நிற்கும் மிகப் பழைய கட்டடத்தைக் கட்டியதில் அடிமைகளின் உழைப்பு இருந்தது என்பது அதில் வெளிவந்த செய்திகளில் ஒன்று. 2024 பிப்ரவரியில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். தாமதம்தான், ஆனால் கேட்டார்கள்.

மேற்கிந்தியத் தீவான டிரினிடாட்டின் முதல் பிரதமராயிருந்த எரிக் வில்லியம்ஸ் என்பவர் 1944-ல் ஒரு புத்தகம் எழுதினார். அடிமை வியாபாரத்திலும் சர்க்கரைத் தோட்டத்திலும் கிடைத்த லாபமே இங்கிலாந்தின் இயந்திரத் தொழிலுக்கு முதலாகச் சென்றது என்பது அவர் கட்சி. அந்த லாபம் எவ்வளவு என்பதில் பொருளாதாரம் படித்தவர்கள் இன்றும் சண்டையிட்டுக் கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்ல நமக்குப் படிப்பில்லை. ஆனால் முதல் என்பது கடைக்காரனுக்குத் தெரிந்த விஷயம். கல்லாவில் விழுந்த பணம் எந்தக் கையிலிருந்து வந்தது என்று முகம் காட்டாது. யேலின் 562 பவுனைத் தொட்டுப் பார்த்தால் அதில் வைரம் எவ்வளவு, துணி எவ்வளவு, சுங்கத்து வராகன் எவ்வளவு என்று எவராலும் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாததாலேயே அது நல்ல பணமாக நடமாடியது.

1833-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தபோது நஷ்ட ஈடு 2 கோடி பவுன் ஒதுக்கியது. கொடுத்தது அடிமைகளுக்கு அல்ல, எஜமானர்களுக்கு. காலியான தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகளைக் கொண்டு போனார்கள். அதே வழக்கம்தான் மலாயாவின் கரும்புக்கும் காப்பிக்கும் பிறகு ரப்பருக்கும் வந்தது. நெசவாளருக்குக் கொடுத்த முன்பணம் போலவே இங்கேயும் முன்பணம். அது தீரும்வரை தோட்டத்தை விட்டு நகர முடியாது. மலாயாவில் ஒப்பந்தக் கூலி 1910-ல் ஒழிந்தது. கங்காணி மூலம் ஆள் கொண்டு வருவது 1938-ல் இந்திய சர்க்காரின் தடையால் நின்றது. அடிமைத்தனமும் ஒப்பந்தக் கூலியும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. தோட்டக் கூலிக்குச் சம்பளம் உண்டு, கெடு உண்டு, அவர் பிள்ளை அவர் பிள்ளைதான். ஆயினும் பேரேடு எழுதியவர்களின் கையெழுத்து ஒன்றாகவே இருக்கிறது. தோட்டத்து ஜனங்களின் சம்பளத்தை நம்பித்தான் இந்த வட்டாரத்தில் நம் முன்னோர்களின் மளிகைக் கடைகளும் கடன் புத்தகங்களும் வளர்ந்தன என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இப்போது செனாயைச் சுற்றிலும் தொழிற்சாலைகள். ஜும்ஆவில் நம் பக்கத்தில் நின்று தொழுகிற வங்காளதேசத்து வாலிபர்களை விசாரித்தால், ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனே முதலில் வாயில் வருகிறது. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக் கொள்வது இந்நாட்டுச் சட்டப்படி குற்றம். 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட்டுச் சட்டத்தில் அது இருக்கிறது. கடையிலோ உணவகத்திலோ ஆள் வைத்திருக்கும் நம் அங்கத்தினர்கள் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கி வைத்தேன் என்பது சட்டத்தின் முன் பதிலாகாது. அப்படி யாரிடமாவது இருந்தால் இந்த வாரத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடும்படி சகோதர உரிமையோடு கேட்டுக் கொள்கிறோம்.

பரிசளிப்பு மேடையில் யேல் துரையைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் தாராளமாகப் பேசட்டும். ஆனால் 417 புத்தகங்களைச் சொல்லும்போது அந்த 665 பேரையும் சொல்லட்டும். கல்வி நிதிக்கு நன்கொடை கொடுப்பவர்களின் பெயரை மண்டபத்தில் கல்லில் பொறிப்பதா என்ற விஷயம் அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு வருகிறது. நம்முடைய ஓட்டு வேண்டாம் என்பதற்கே. ரசீது போதும். வேறு அபிப்பிராயம் உள்ளவர்கள் கூட்டத்துக்கு முன்னதாக எழுதிக் கொடுத்தால் அதையும் இந்தப் பக்கத்தில் வெளியிடலாம்.